தங்கைக்குப் பங்கு இல்லையா?

இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருந்தது உடையார்பாளையம் ஜமீன். பங்கு பிரிக்கக் கூடாத சொத்து. வாரிசு ஒருவருக்கே எல்லாம்! அந்த வாரிசு யார் என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1905-ல் தீர்ப்பு வந்தது.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. இத்தகைய ஜமீன்களின் நஷ்டஈட்டில் மகன்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். மகளுக்கோ ஜீவனாம்சம்தான்!

இந்துக் குடும்பங்களின் பூர்வீக நிலத்தில் மகளும் மகனும் சமம் என்று 2005-ல் மத்திய சட்டம் சொன்னது. அது பிறப்பிலேயே வரும் உரிமை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

ஆனாலும், பெரம்பலூர்ப் பக்கத்து இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டுக்குக்கூட, "நகை போட்டுத்தானே அனுப்பினோம்?" என்று தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டும் அண்ணன்மார் உண்டு. நகை வேறு, நிலம் வேறு. பத்திரத்தை முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லட்டும் தங்கை. கையெழுத்தாகிப் பதிவும் ஆகிவிட்டால், அதை ரத்து செய்யக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கும்.