ஓடுகிற வாட்ச்சை எதுக்கு சார் சர்வீஸ் பண்ணணும்?

என் கையில் இருப்பது அப்பாவின் ஹெச்.எம்.டி. ஜனதா. தினமும் சாவி கொடுக்கிற வாட்ச். அது எனக்குக் கொடுத்த ஒரு பாடத்தை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய சுண்ணாம்புக்குளத்தில் ஒரு மருத்துவ முகாம். இரண்டு வயசுக் குழந்தை. சளி, இருமல், லேசான காய்ச்சல். நிமோனியாவா என்று பார்க்க முதலில் செய்ய வேண்டியது, குழந்தை அழாமல் இருக்கும்போது முழுசா ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவது.

2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. இது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

வாட்ச்சை ஒரு தடவை பார்த்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். கண் குழந்தையின் நெஞ்சில். என் கணக்கு 45-ஐத் தாண்டிவிட்டது. ஆன்டிபயாடிக் எழுத வேண்டியதுதான் என்று மனசுக்குள் முடிவே பண்ணிட்டேன்.

அப்போது அந்த அம்மா மெதுவா சொன்னாங்க: "சார்... முள்ளு நவுரவே இல்லயே சார்."

விநாடி முள் 40-இல் நின்றிருந்தது. கையைத் தட்டினேன், ஓடியது. செவிலியரின் மொபைலை வாங்கி மறுபடி எண்ணினேன். 36. மார்பு உள்வாங்கலும் இல்லை. சாதாரண சளி. எப்போது உடனே தூக்கிட்டு வரணும் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று தவறு வாட்ச் மேல் இல்லை. பல வருஷமா "நல்லாத்தானே ஓடுது" என்று சர்வீஸுக்கே கொடுக்காத என் மேல்.

ஒன்று கவனிங்க. வாட்ச் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பின்தங்கினாலும் ஒரு நிமிடக் கணக்கில் அரை விநாடிகூட வித்தியாசம் வராது. நாடி பார்க்க அது போதும். ஆபத்து, நின்று நின்று ஓடும் வாட்ச்தான். அது பழுதான மாதிரியே தெரியாது.

ஏன் அப்படி நிற்கிறது?

உங்கள் இதயம் நிமிடத்துக்கு 72 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் முறை துடிக்கிறது. இந்த மாதிரிப் பழைய வாட்ச்சின் பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 முறை அசைகிறது. ஒரு நாளைக்கு 4,32,000! அதன் அச்சுகள் தலைமுடி மாதிரி மெல்லியவை. அவை சுழலும் இடத்தில் ஊசிமுனை அளவு எண்ணெய். நாலைந்து வருஷத்தில் அது காய்ந்து பிசினாகிவிடும். வாட்ச் உடனே நிற்காது. உரசிக்கொண்டே ஓடும். ஓட ஓடத் தேயும்.

ஏரிக்கரையில் உப்புக்காற்று வேற. மூடியின் வாஷர் இறுகிப்போயிருந்தால் ஈரம் உள்ளே போய் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடிக்கும்.

வாட்ச்சை ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸ் மாட்டித் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நின்னப்புறம் கொண்டாந்தா பார்ட்ஸ் மாத்தணும் சார். ஓடும்போதே கொண்டாந்தா கழுவி எண்ணெய் விட்டா போதும்."

இதைத்தானே நான் ரத்த அழுத்த நோயாளிகளிடம் தினமும் சொல்கிறேன்! "நல்லாத்தானே சார் இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்பார்கள். ரத்த அழுத்தமும் சத்தம் போடாது. உள்ளே ரத்தக்குழாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் பக்கவாதமாக வரும்போதுதான் தெரியும். வாட்ச்சுக்காவது இன்னொரு வாட்ச்சிலிருந்து பார்ட்ஸ் எடுக்கலாம்.

அதுவும் இனி சுலபமில்லை. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்த ஹெச்.எம்.டி.யின் வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. இருக்கிற பழைய வாட்ச்களைக் காப்பாற்றினால்தான் உண்டு.

"முந்நூறு ரூபாய்க்கு பேட்டரி வாட்ச் கிடைக்குதே?" நியாயமான கேள்வி. நேரத்துக்கு மட்டும்தான் என்றால் அதையே வாங்குங்க, அது இன்னும் துல்லியம். ஆனால் தாத்தாவின் வாட்ச்சைக் கையில் கட்டுவதாக இருந்தால் அதைப் பராமரியுங்க. பராமரிக்க முடியாதா, சாவி கொடுக்காமல் பெட்டியில் வையுங்க. காய்ந்த எண்ணெயில் ஓட விடாதீங்க.

சில விஷயங்கள்:

தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்க. இறுகினால் நிறுத்துங்க.

மூடியை நீங்களே திறந்து தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடாதீங்க. தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

ஸ்பீக்கர், காந்தம் பக்கத்தில் வைக்காதீங்க.

படகில் போகும்போது கழற்றி வையுங்க. உப்புத்தண்ணி உள்ளே போனால் வெயிலில் காயவைக்காமல் அன்றே கடைக்குப் போங்க.

கொடுக்கும் முன் கூலி கேளுங்க. மாற்றிய பழைய பார்ட்ஸைத் திருப்பி வாங்குங்க.

1707-இல் ஜான் ஃப்ளோயர் என்ற ஆங்கிலேய மருத்துவர், நாடியை எண்ணவே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் செய்யவைத்து அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அன்றிலிருந்து விநாடி முள்ளும் மருத்துவக் கருவிதான். ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அந்த அம்மா.

இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் கிடக்கும் அந்த வாட்ச்சை எடுத்து ரிப்பேர் கடைக்குப் போங்க. போகிற வழியில் பிரஷரையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

இரண்டுமே ஓடும்போதே பார்க்க வேண்டியவை.