டேங்க் மேல் தூங்கும் ஹெல்மெட்... தலையில் கொட்டும் வேர்வை! உள்குல்லா கைகொடுக்குமா?

சென்னை:

தூரத்தில் வெள்ளை சட்டை போலீஸ்காரர் தெரிந்ததும் டேங்க் மேல் இருந்த ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது. அடுத்த தெரு திரும்பியதும் மறுபடியும் இறங்கி கைப்பிடி கண்ணாடியில் தொங்குகிறது. சென்னைவாசிகளுக்கு இது பழகிப்போன காட்சிதான்.

ஏன் போடலை என்று கேட்டால் வருகிற பதிலும் பழகியதுதான். "தலை வேகுது சார். வேர்வை கண்ணுல இறங்குது. முடி வேற கொட்டுது" என்பார்கள்.

இந்த பதிலை போலீசாரும் ஏற்பதில்லை, கோர்ட்டும் ஏற்றதில்லை. ஏற்கவும் முடியாது. மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் மட்டும் ஹெல்மெட் போடாததால் நாடு முழுவதும் 50 ஆயிரத்து 29 பேர் பலியாகி இருக்கிறார்கள். இதில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அதே ஆண்டில் அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடுதான். மொத்தம் 64 ஆயிரத்து 105 விபத்துகள். ஹெல்மெட் போட்டால் உயிர் போகும் ஆபத்து 42 சதவீதமும், தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளை தொகுத்துப் பார்த்த மருத்துவ நிபுணர்கள் சொல்லி இருக்கிறார்கள்.

ஆனால் வேர்வை புகாரை பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. கத்திரி வெயில் நேரத்தில் கிண்டி மேம்பாலத்தில் ஒரு முறை ஏறி இறங்கியவர்களுக்கு அது தெரியும்.

2007-ல் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாளில் பிசுபிசுத்தது. 2015 ஜூலை 1-ந்தேதி முதல் ஐகோர்ட்டு உத்தரவால் மறுபடியும் கட்டாயம் ஆனது. அப்போது கடைகளில் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை தாறுமாறாக எகிறியதும், ரோட்டோரத்தில் போலி முத்திரை ஹெல்மெட்டுகள் குவிந்ததும் மறந்திருக்காது. 2022 அக்டோபரில் அபராதம் ஆயிரம் ரூபாய் ஆனது. இத்தனை வருடமும் பேச்சு முழுக்க அபராதம் பற்றித்தான். தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த கால் அங்குல இடத்தைப் பற்றி யாரும் பெரிதாக பேசவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

ஹெல்மெட்டின் வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஓடு. அதற்கு அடியில் தெர்மோகோல் மாதிரி ஒரு தடிமனான அடுக்கு. கீழே விழும்போது நசுங்கி, அடியை தான் வாங்கிக்கொண்டு மண்டையை காப்பாற்றுவது இதுதான். காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிறார்களே, அந்த பெட்டியும் இதே ஜாதி சரக்குதான். பெட்டிக்குள் குளிரை எப்படி வெளியே விடாதோ, அதே மாதிரி தலைச் சூட்டையும் வெளியே விடாது. உயிரை காப்பாற்றுவதும் அதுதான், வேக வைப்பதும் அதுதான்.

காற்று போக ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓடும் வரைக்கும்தான் அதற்கு வேலை. சிக்னலில் 2 நிமிடம் நின்றால் ஓட்டை இருந்தும் பயனில்லை. அதிலும் சென்னை கடலோர ஊர். காற்றிலேயே ஈரம் இருப்பதால் வேர்வை காயாமல் வழிகிறது. நெற்றியில் இருந்து இறங்கும் உப்பு தண்ணீர் கண்ணில் பட்டால் எரிச்சலில் கண்ணை மூடித்தான் ஆகவேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 2 வினாடி கண்ணை மூடினால் வண்டி கிட்டத்தட்ட 28 மீட்டர் போய்விடும். அந்த 28 மீட்டரில் ஒரு மாநகர பஸ் குறுக்கே வந்தால் என்ன ஆகும்?

கடைசி அடுக்கு, தலையில் படுகிற ஸ்பாஞ்ச் துணி. விலை கூடிய ஹெல்மெட்டில் இதை பட்டனை கழற்றி எடுத்து துவைக்கலாம். மலிவு ஹெல்மெட்டில் ஒட்டியே வைத்துவிடுகிறார்கள். ஆறு மாச வேர்வை, தேங்காய் எண்ணெய், புழுதி எல்லாம் அதில் ஊறிக் கிடக்கும். "முடி கொட்டுது" என்பவர்கள் பழியை ஹெல்மெட் மேல் போடுகிறார்கள். ஹெல்மெட் போட்டதாலேயே வழுக்கை விழுந்துவிடாது. ஊறிய அழுக்கில் பொடுகும் பூஞ்சையும் வளர்ந்தால், தலை அரித்து, சொறிந்து, முடி உதிரத்தான் செய்யும்.

பனியன் துணியில் தீர்வு

இதற்கு மருந்து ஒன்றும் பெரிதில்லை. தலையை ஒட்டி இருக்கிற மாதிரி ஒரு மெல்லிய குல்லா. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பைக் சாமான் விற்கும் கடைகளில் ஹெல்மெட் கேப் என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். சாதாரண பனியன் துணியில் தைத்தது ஒரு டிபன் காசுக்குள் முடிந்துவிடும். விளையாட்டு டி-சர்ட் துணியில் வருவது கொஞ்சம் கூடுதல்.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பருத்தி வேர்வையை நன்றாக குடிக்கும், ஆனால் சீக்கிரம் காயாது. மதியத்துக்குள் நனைந்து தொப்பலாகி, மேற்கொண்டு குடிக்க இடமில்லாமல் கண்ணில்தான் இறங்கும். விளையாட்டு டி-சர்ட் துணி வேர்வையை பரப்பிவிட்டு சீக்கிரம் காயும். அரை மணி நேரம் ஆபீசுக்கு போய் வருகிறவருக்கு பருத்தியே தாராளம். நாள் முழுக்க ரோட்டில் இருப்பவர் எந்த துணியாக இருந்தாலும் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி போடுவதுதான் சரி.

குல்லா போட்டால் தலை ஜில்லென்று ஆகிவிடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். சூடு குறையாது. வேர்வை கண்ணில் இறங்காது, ஸ்பாஞ்ச் நாறாது, அவ்வளவுதான். ஆனால் ஹெல்மெட்டை தலையில் வைத்திருக்க அதுவே பலருக்கு போதும்.

கர்ச்சீப் முடிச்சு ஆபத்து

நம்ம ஆட்கள் பலரும் குல்லாவுக்கு பதில் கர்ச்சீப்பை கட்டிக்கொள்கிறார்கள். சிலர் துண்டையே சுற்றிக்கொள்கிறார்கள். பெண்கள் துப்பட்டாவை இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல் ஹெல்மெட்டை வைக்கிறார்கள். இங்கேதான் சிக்கல். ஹெல்மெட் தலையை இறுக்கமாக பிடித்தால்தான் வேலை செய்யும். நடுவில் தடித்த துணி இருந்தால் தலையில் உட்காராமல் மேலே மிதக்கும். பின்னால் போட்ட முடிச்சு, விழும்போது மண்டையில் கல் மாதிரி அழுத்தும். உள்ளே இறங்கவில்லை என்று பெரிய சைஸ் ஹெல்மெட் வாங்கினால் இன்னும் மோசம். துணியை எடுத்த அன்றைக்கு அது தலையில் லொடலொட என்று ஆடும். கொண்டை போட்டு மல்லிகைப்பூவும் வைத்துக்கொண்டு ஹெல்மெட் மாட்டுகிறவர்கள் பாடு தனிக் கதை.

மோட்டார் வாகன சட்டத்தின் 129-வது பிரிவு, வாரை மாட்டி தலையோடு கெட்டியாக பொருத்தியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. சும்மா கவிழ்த்து வைத்தால் சட்டப்படி போட்ட கணக்கே இல்லை. குல்லாவோடு ஹெல்மெட்டை மாட்டி, வாரை பூட்டி, பின்னால் இருந்து முன்பக்கமாக தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் ஒன்று குல்லா தடிமன், இல்லை ஹெல்மெட் பெரிசு.

யார் கொடுப்பது?

அகமதாபாத்தில் 2023-லும் வதோதராவில் 2024-லும் போக்குவரத்து போலீசாருக்கு பேட்டரியில் ஓடும் ஏ.சி. ஹெல்மெட் கொடுத்தார்கள். படத்தோடு செய்தி வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பிரியாணி பையை முதுகில் மாட்டிக்கொண்டு காலை 11 மணியில் இருந்து ராத்திரி வரை ஹெல்மெட்டை கழற்ற நேரமில்லாமல் ஓடுகிற டெலிவரி பையன்களுக்கு ஏ.சி. எல்லாம் நடக்கிற காரியமா?

அவர்களுக்காக நலவாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தினத்தில் அறிவிப்பு வந்து, அது அமைக்கவும்பட்டது. 2025-ல் அண்ணாநகர் போன்ற இடங்களில் சென்னை மாநகராட்சி ஏ.சி. ஓய்வறை திறந்தது. கம்பெனிகளும் பெயர் போட்ட டி-சர்ட், பெயர் போட்ட பை எல்லாம் மாட்டிவிடுகின்றன. அந்த வரிசையில் இரண்டு குல்லாவையும் சேர்த்தால் கம்பெனி ஒன்றும் மூழ்கிவிடாது. அதற்கான துணி திருப்பூரில் மலை மலையாக ஓடுகிறது. நலவாரியம் கேட்டால் நடக்கும். கேட்க வேண்டும்.

கட்டிட வேலைக்கு போடும் ஹெல்மெட்டில் நெற்றியில் படும் இடத்தில் வேர்வைப் பட்டை இருக்கும். நைந்துபோனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பைக் ஹெல்மெட்டுக்கு அந்த யோசனை ஏன் வரவில்லை? நம் வெயிலுக்கு தோதாக எடை குறைந்த ஹெல்மெட் வேண்டும் என்று எய்ம்ஸ் டாக்டர்கள் இருந்த கமிட்டி 2018-ல் சொன்னது. அதன்படி தரக்கட்டுப்பாடும் திருத்தப்பட்டது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. எடையை பார்த்தவர்கள், உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை கழற்றி துவைக்கும்படிதான் வைக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கினால், மலிவு ஹெல்மெட் வாங்கும் ஏழைக்கும் அது கிடைக்கும்.

பைக் டாக்சியில் போகிறவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். காலையில் இருந்து எத்தனை தலை ஏறி இறங்கியதோ, அதே ஹெல்மெட்தான் உங்களுக்கும். சில ஓட்டுநர்கள் ஆஸ்பத்திரியில் போடுகிற மாதிரி ஒரு முறை போட்டு வீசும் தொப்பி கொடுக்கிறார்கள். அது வேர்வையை அதிகம் உறிஞ்சாது. ஆனால் முந்தைய ஆளின் பேனும் பொடுகும் நம் தலைக்கு வராமல் ஓரளவு தடுக்கும். அடிக்கடி போகிறவர்கள் சொந்தக் குல்லா ஒன்றை மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஹெல்மெட் நாறுகிறது என்று பெட்ரோல், தின்னர் ஊற்றி துடைப்பவர்கள் உஷார். உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கை அது கரைத்துவிடும். வெளியே பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கும். சாதாரண தண்ணீர், கொஞ்சம் ஷாம்பூ போதும். வெயிலில் போடாமல் நிழலில், மின்விசிறிக்கு அடியில் காய வையுங்கள்.