பூனைக்குத் தண்ணீர் காட்டுவது

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, ஜைனர்களின் லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. பூனைக்கு அங்கே இடம் கேட்பது நியாயமில்லை. பூனைக்கு உடம்புக்கு வந்தால் டிஃபன்ஸ் காலனி மேம்பாலத்தின் கீழே 1979லிருந்து நடக்கும் ஃப்ரெண்டிகோஸ் இருக்கிறது. ராஜா கார்டனில் 1980ல் தொடங்கிய சஞ்சய் காந்தி விலங்குகள் காப்பகம் இருக்கிறது. பேட்டைக்குப் பேட்டை தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவர்களிடம் போவதற்கு முன்னால் பூனை அகப்படுவது வீட்டில் இருக்கும் வைத்தியர்களிடம்தான். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்.

எங்கள் பூனை நாலு வயதுக் கடுவன். பெயர் மந்திரி. உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காது என்பதால் வைத்த பெயர். 2023 தீபாவளிக்கு மறுநாள் காலையில், மந்திரி மணல் தொட்டிக்குள் போய் முதுகை வளைத்து உட்கார்ந்தது, முக்கியது, எழுந்து வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் மறுபடி போனது. பிறகு குளியலறைத் தரையில். நான் மலச்சிக்கல் என்று தீர்மானித்து விளக்கெண்ணெய் தேடினேன். பூனை வளர்ப்பவர்களில் பலர் செய்யும் முதல் தப்பு இது. நான் அதில் அரை நாளைத் தொலைத்தேன்.

அம்மாதான் மணலைக் கிளறிப் பார்த்தாள். "ஏண்டா, இது வயித்துக் கோளாறு இல்லை. நீர்க்கடுப்பு. காலையிலேர்ந்து ரெண்டு சொட்டுதான் நனைஞ்சிருக்கு. அதுவும் செவப்பா இருக்கு, பாரு."

இந்த சமாசாரத்துக்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு. எரிச்சலோடு போனால் நீர்க்கடுப்பு. அடிக்கடி, சொட்டுச் சொட்டாகப் போனால் நீர்ச்சுருக்கு. போகாமலே நின்றுவிட்டால் நீரடைப்பு. இப்போது எல்லோர் வாயிலும் புழங்கும் 'யூரினரி இன்ஃபெக்ஷன்' மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. பூனை விஷயத்தில் அந்த மூட்டையைப் பிரித்தே ஆகவேண்டும். முதல் இரண்டையும், டாக்டர் ஒரு தடவை பார்த்த பிறகு, வீட்டிலேயே வைத்துக் கவனிக்கலாம். மூன்றாவதை வீட்டில் வைத்திருந்தால் பூனை செத்துப்போகும்.

மிகைப்படுத்தவில்லை. கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. கொஞ்சம் சளியும் மணல் போன்ற படிகங்களும் சேர்ந்து ஒரு தக்கையானால் போதும், அடைத்துக்கொள்ளும். பெட்டைக்குக் குழாய் அகலம், அதனால் அடைப்பு அபூர்வம். அடைத்துக்கொண்ட பூனையின் ரத்தத்தில் வெளியேற வேண்டிய பொட்டாசியம் தேங்குகிறது. அது இருதயத்தின் தாளத்தைக் கெடுக்கிறது. இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகி அடைப்பை எடுப்பது ஒன்றுதான் வழி. அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நாம் செய்யக்கூடிய உபசாரங்களை யோசித்தால் பயமாக இருக்கிறது. நமக்கு நீர்க்கடுப்பு வந்தால் இளநீர் குடிக்கிறோம். இளநீர் நிறையப் பொட்டாசியம் உள்ள பானம். அடைப்பு வந்த பூனைக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய். வலி தாங்காமல் கத்துகிறதே என்று அலமாரியிலிருந்து ஒரு பாரசிட்டமால் எடுத்தால் அதைவிட மோசம். அந்த மருந்தைச் சிதைத்து வெளியே தள்ளும் திறன் பூனையின் ஈரலுக்குக் கிட்டத்தட்டக் கிடையாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். ஒரு பிராணிக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷமாகலாம் என்பதை நம் நாடு பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. 2006ல்தான் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது.

விளக்கெண்ணெயை அலமாரியில் வைத்துவிட்டு மந்திரியைக் கூடையில் போட்டு, எங்கள் பகுதி டாக்டரிடம் கொண்டு போனேன். அவர் இரண்டு விரலால் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர்ப்பை சின்னதாக, மெத்தென்று இருந்தது. அடைப்பில்லை. அடைத்திருந்தால் உருண்டு திரண்டு, கல்போல் இருக்கும் என்றார். மாலையில் கொஞ்சம் நீர் சேர்ந்ததும் ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வலிக்கு, பூனைக்கே உரிய மருந்தைக் கொடுத்தார்.

"ஆன்டிபயாடிக் இல்லையா?" என்று கேட்டேன். பீஸ் கொடுக்கிறவனுக்கு அதுதான் திருப்தி. முடிவு வரட்டும் என்றார். வந்தது: கிருமி இல்லை.

ஆச்சரியமாக இருந்தது, பிறகு படித்துப் பார்த்தால் அதுதான் வழக்கமாம். பத்து வயது தாண்டிய பூனைகளுக்கு, அதிலும் சர்க்கரை வியாதியோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவற்றுக்கு, நிஜமாகவே கிருமித் தொற்று வருவதுண்டு. அப்போது சரியான ஆன்டிபயாடிக்கை, சொன்ன நாள் வரை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இளம் பூனைக்கும் நடுவயதுப் பூனைக்கும் வரும் நீர்க்கடுப்பில் கிருமி அகப்படுவது குறைவு. பெரும்பாலும் காரணம் சொல்ல முடியாத சிறுநீர்ப்பை அழற்சி. அதைத் தூண்டிவிடுவது என்னவென்றால், பதற்றம்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இதையே வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். இந்த நோய் வந்த 46 வீட்டுப் பூனைகளைப் பற்றி அவரும் சகாக்களும் 2006ல் எழுதினார்கள். பூனைக்கு ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், சண்டையில்லாத சாப்பாடு, சுத்தமான தொட்டி, கொஞ்சம் விளையாட்டு என்று வீட்டை மாற்றியதில் தொந்தரவு வெகுவாகக் குறைந்தது. எங்கள் வீட்டில் அந்த வாரம் என்ன நடந்தது என்று யோசித்தேன். வெள்ளையடித்தோம். கட்டிலை இடம் மாற்றினோம். சென்னையிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். தடை இருந்தும் விடிய விடிய வெடி. மந்திரிக்கு அழற்சி வந்ததில் வியப்பில்லை, எனக்கு வராததுதான் வியப்பு.

பதற்றம் ஒரு பாதி. மற்றொரு பாதி தண்ணீர். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட பூமியில் வாழ்ந்த காட்டுப் பூனை. எலியின் உடம்பில் இருக்கும் ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதும். தாகம் குறைவு, சிறுநீர் அடர்த்தி அதிகம். அதே பிராணிக்கு நாம் பத்து சதவிகிதம்கூட ஈரம் இல்லாத உலர் தீனியைப் போடுகிறோம். அது கூடத் தண்ணீர் குடித்தாலும் குறைவை முழுக்க ஈடு கட்டுவதில்லை. அடர்ந்த நீரில் உப்புகள் படிகமாகின்றன. டப்பாவில் வரும் ஈரத் தீனியிலோ முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நாலு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு உத்தேசமாக 200 மில்லி தண்ணீர் உள்ளே போகவேண்டும். சாப்பாட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

இங்கேதான் எங்கள் வீட்டில் சங்கடம் வந்தது. மந்திரி உண்டது உலர் தீனியும், அம்மா கையால் தயிர் சாதமும். பூனைக்குப் பால் பிடிக்கும் என்பது கம்பர் காலத்து நம்பிக்கை. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத்தான் அவர் அவையடக்கத்தில் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். நிஜத்தில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. தயிர் சாதம் தின்று காலம் தள்ளும் பூனைக்கு வேறு கஷ்டமும் உண்டு. மாமிசம் தின்னும்போது பூனையின் சிறுநீர் புளிப்புப் பக்கம் இருக்கும். சாதமும் பருப்புமானால் காரப் பக்கம் சாயும். காரத்தில்தான் ஸ்ட்ருவைட் என்னும் படிகம் உருவாகிறது. தவிர, மாமிசத்தில் கிடைக்கும் டாரின் என்ற பொருள் போதாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இருதயமும் கெடும்.

டாக்டர் மீன் டப்பா எழுதிக் கொடுத்தார். எழுபத்தெட்டு வருடமாக மீன் வாசனை நுழையாத சமையலறை அம்மாவுடையது. நான் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். ராத்திரி முழுக்க அம்மா பேசவில்லை. விடிகாலையில் பால்கனியில் ஒரு பழைய ஸ்டூல், தனி ஸ்பூன், தனித் தட்டு, கை கழுவ ஒரு வாளி. "அது காட்டுல பொறந்திருந்தா எலி தின்னிருக்கும். நம்மாத்துல பொறந்தது அதோட தப்பா?" என்றாள். மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, இரண்டு ஸ்பூன் தீனியில் இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழைத்தாள். அதற்குப் பெயர் தெரியவில்லை. பத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும்.

பூனை சுசுருஷையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவு. மாத்திரை கொடுக்கப் பூனையை ஒரு டவலில் தலை மட்டும் தெரியப் பொட்டலம் கட்டவேண்டும். மாத்திரைக்குப் பின்னால் ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் ஐந்து மில்லி தண்ணீரை மெதுவாக விடவேண்டும். சில மாத்திரைகள் உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டோடு ஒட்டி வைக்காமல் வீட்டில் மூன்று நாலு இடங்களில் வைத்தால் குடிக்கிறது. மீன் வேகவைத்த தண்ணீர் கொடுக்கலாம். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. வெங்காயம் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். மணல் தொட்டி பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம் இருக்கவேண்டும். படிகத்தைக் கரைக்கிறேன் பேர்வழி என்று நாமாகப் புளிப்பு மருந்து எதையும் கொடுக்கக் கூடாது. புளிப்பு மிஞ்சினால் கால்சியம் ஆக்ஸலேட் என்ற வேறு கல் வரும், அது கரையவே கரையாது.

எல்லாவற்றுக்கும் மேலே, மணலில் நனைந்த கட்டிகளை எண்ணவேண்டும். அம்மா காலண்டரில் குறித்தாள். முதல் நாள் கொட்டைப்பாக்கு அளவில் பதினொன்று. மூன்றாம் நாள் ஏழு. ஆறாம் நாள் எலுமிச்சை அளவில் மூன்று, சிவப்பு இல்லை. இந்த அழற்சி ஒரு வாரத்தில் தானாகவே தணிவதுதான் வழக்கம். ஆனாலும் எண்ணிக்கொண்டே இருந்தோம். அழற்சி எந்த நேரத்திலும் அடைப்பாக மாறலாம். பூனை முக்குகிறது, மணல் நனையவில்லை, வாந்தி எடுக்கிறது, சுருண்டு படுக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் கூடையோடு கிளம்பவேண்டும்.

ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவோம். பூனைதான் நமக்குத் தண்ணி காட்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது தினம் காலையில் அம்மா பால்கனியிலிருந்து உரக்கக் கேட்கும் முதல் கேள்வி, "மந்திரி போயாச்சா?" கீழ் வீட்டுத் தமிழர் ஒருவர் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர். ஒரு நாள் பதறிப்போய் மாடியேறி வந்து, "எந்த மந்திரி மாமி?" என்று விசாரித்தார்.