கறிக்குள் ஒரு மாக்கட்டி



பொழுதுபட்ட பிறகு வெள்ளவத்தை காலி வீதியில் நடந்தால், கொத்து ரொட்டி போடும் தகட்டுச் சத்தம் கேட்காமல் வீடு சேர முடியாது. அந்தச் சத்தத்தோடு அம்பாறை நகரத்து முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றும் எனக்கு ஞாபகத்துக்கு வரும்.

2018 பெப்ரவரியில் ஒருநாள் இரவு, அங்கே சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் சின்னக் கட்டியொன்றைக் கண்டார். முஸ்லிம் கடைகளில் சிங்களவருக்கு மலட்டு மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்ற கதை ஏற்கெனவே முகநூலில் சுற்றிக்கொண்டிருந்த காலம். கூட்டம் கூடிவிட்டது. கல்லாவில் இருந்தவர் தமிழ் பேசுகிறவர், மாத்திரை போட்டாயா என்ற கேள்வியோ சிங்களத்தில். விளங்கியும் விளங்காமலும், அடிக்குப் பயந்து, ஓம் போட்டோம் என்கிற மாதிரி அரைகுறைச் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கடையை நொறுக்கினார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அவர் ‘ஒப்புக்கொண்ட’ காட்சி நாடெங்கும் கைபேசிகளில் ஓடியது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துப் பார்த்தால், அது வெறும் மாக்கட்டி. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது.

மருத்துவம் தெரியாததை மன்னிக்கலாம். ஒரே நகரத்தில் இருந்துகொண்டு, ஒரு கேள்வியை மற்றவனுக்கு விளங்கும்படி கேட்கத் தெரியாததுதான் எனக்கு உறுத்துகிறது. 1987 தொடக்கம் தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. அந்தக் கல்லாவரை அது வந்து சேரவில்லை. நாங்களும் லேசுப்பட்டவர்களில்லை. வெள்ளவத்தையில் முப்பது வருஷம் குடியிருந்தும், ஓட்டோக்காரரோடு பேரம் பேசுமளவு சிங்களத்தோடு நின்றுவிட்டவர்கள் நம்மில் நிறைய.

எல்லாம் முகநூல் கொண்டுவந்த வியாதி என்பவர்கள் ஒருக்கால் கொட்டாஞ்சேனைப் பக்கம் போக வேண்டும். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரையை நோக்கிப் பௌத்தர்களின் ஊர்வலமொன்று வந்துகொண்டிருந்தது. மாதாவை இழிவுபடுத்தும் உருவத்தைத் தூக்கி வருகிறார்கள் என்று கத்தோலிக்கரிடையே கதை பரவியது. விகாரையிலிருந்து புனித லூசியாள் பேராலயத்துக்கு நடக்கிற தூரந்தான்; கதை அதைவிட வேகமாக நடந்தது. கம்பும் தடியுமாக மோதிக்கொண்டார்கள். உயிரும் போனது.

யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்தக் குறையைச் சொல்லி, பௌத்தர்களுக்காக அமெரிக்கரான ஹென்றி ஒல்கொட் 1884இல் லண்டன்வரை போனார். மறுவருஷம் வெசாக் அரச விடுமுறையானது. பௌத்தக் கொடியும் முதன்முதலாக அதே கொட்டாஞ்சேனை விகாரையில் ஏற்றப்பட்டது. வெசாக் இரவில் பிள்ளைகளைக் கூட்டிப்போய், தன்சலில் வரிசையில் நின்று ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கிறோமே, அந்த விடுமுறை எங்கிருந்து வந்தது என்று எங்களில் யார் கேட்டிருப்போம்?

அடுத்தது வெசாக் இதழ். பக்கத்து வீட்டாரின் சமயத்தைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றிச் சின்ன வயதில் நீங்கள் எதை நம்பினீர்கள், பிறகு எப்படித் தெளிந்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். தமிழரைப் பற்றித் தான் நம்பியிருந்ததை உங்கள் சிங்கள அயலவர் எழுதித் தந்தால் இன்னும் விசேஷம். மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்