மருந்து லாபச் சரக்கல்ல!

பஞ்சாலையில் முப்பது வருஷம் உழைத்த தொழிலாளிக்குப் பருத்த உடலும் நீரிழிவும். வயலில் நாற்று நட்டே காலம் கழித்த தாய்க்கு, வரப்பில் வழுக்கி விழுந்ததும் இடுப்பெலும்பு முறிவு. இரண்டுக்கும் விஞ்ஞானம் மருந்து கண்டிருக்கிறது. அந்த மருந்து யாருக்குக் கிடைக்கிறது என்பதே கேள்வி.

இவை பெப்டைடு என்னும் இனத்து மருந்துகள். மணிகளைக் கோத்த மாலை போல, அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சரம் அது. விழுங்கினால் வயிறு செரித்துவிடும். ஆகவே பெரும்பாலும் ஊசியாகவே போடுகிறார்கள்.

எலும்புக்கான ஊசி டெரிபாராடைட். 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தேய்மானத்தைத் தடுப்பதோடு நில்லாமல், புது எலும்பையே கட்டுகிறது. தினம் ஒரு ஊசி. பொதுவாக இரண்டு வருஷத்தோடு நிறுத்தி, கட்டிய எலும்பைக் காக்க வேறு மருந்துக்கு மாறுகிறார்கள். கடுமையான தேய்மானத்துக்கே இது தேவை. மற்றவர்களுக்கு வாரம் ஒரு முறை விழுங்கும் மலிவான அலென்ட்ரோனேட் மாத்திரையே பெரும்பாலும் போதும்.

எடைக்கான ஊசி செமாகுளுடைட். பசியை அடக்கும் குடல் சுரப்பைப் போல வேலை செய்கிறது; வாரம் ஒரு ஊசி. 68 வாரப் பரிசோதனையில் சராசரியாக உடல் எடையில் சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஆனால் நிறுத்திய ஒரு வருஷத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. கொழுப்போடு தசையும் கரைகிறது. உடற்பயிற்சி இல்லாவிட்டால் எலும்பும் தேயக்கூடும்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒன்றுக்கு முடிவு உண்டு. மற்றது ஆயுள் முழுதும் வாங்க வேண்டிய சரக்கு. ஏகபோக முதலாளிகளின் கண் எதன் மீது பாயும் என்று சொல்லவும் வேண்டுமோ!

2024-ல் நிலைமை என்ன? டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் கம்பெனி, செமாகுளுடைட்டை நீரிழிவுக்கு ஓசெம்பிக் என்று விற்றது. மாதத்துக்கு ஜெர்மனியில் 59 டாலர்; அமெரிக்காவில் 969 டாலர். அளவைச் சற்றுக் கூட்டி, எடைக்கென்று வெகோவி எனப் பெயர் மாற்றி, அங்கே 1,349 டாலர்! உற்பத்திச் செலவோ, நியாயமான லாபமும் சேர்த்து, மாதம் 5 டாலருக்கும் குறைவுதான் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே வருஷம் கணக்கிட்டார்கள். இது விலையா, பகற்கொள்ளையா?

ஆராய்ச்சிச் செலவு என்று கம்பெனிகள் முறையிடும். குடல் சுரப்பைப் போல வேலை செய்யும் இத்தகைய மருந்துகளில் முதலாவது 2005-ல் வந்தது. அதற்கு வழி திறந்தவர் ஜான் எங்; நியூயார்க்கில் முன்னாள் ராணுவத்தினருக்கான சர்க்கார் ஆஸ்பத்திரி விஞ்ஞானி. ஜனங்களின் வரிப்பணம் விதைத்தது, கம்பெனி அறுத்தது!

இதற்குக் காவல் நிற்பது காப்புரிமை. நமது 1970-ம் வருஷச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தர மறுத்தது. செய்முறைக்கு மட்டுமே தந்தது. அதனால்தான் மலிவு மருந்து நம் நாட்டில் பெருகியது. உலக வர்த்தக ஒப்பந்தத்தின் பேரால் 2005-ல் அந்த வேலியைப் பிரித்தார்கள். ஆயினும் கட்டாய உரிமம் என்ற ஆயுதம் சட்டத்தில் மிச்சமிருக்கிறது. 2012-ல் ஒரே ஒரு முறை அதை எடுத்தார்கள்: மாதம் 2,80,000 ரூபாய் விலையுள்ள நெக்ஸாவர் புற்றுநோய் மருந்து 8,800 ரூபாய்க்கு இறங்கியது!

செமாகுளுடைட்டின் மூலக் காப்புரிமைக்கு இந்தியாவில் கெடு 2026 மார்ச். ஆனால் கெடு முடிந்தால் மட்டும் ஏழை கைக்கு ஊசி வந்து சேராது. ஆகவே கோருகிறோம்: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இவ்விரு மருந்துகளையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, தேவைப்படும் நோயாளிக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரட்டும். எலும்புத் தேய்மானப் பரிசோதனை தாலுகா ஆஸ்பத்திரி வரை வரட்டும். டாக்டர் சீட்டின்றி எடை ஊசி விற்பதைத் தடுக்கட்டும்.

ஒன்றை மறவாதீர்கள். பாலும் முட்டையும் வாங்கப் போதாத கூலியை எந்த ஊசியும் ஈடுகட்டாது. மருந்துக்கான போராட்டமும் கூலிக்கான போராட்டமும் ஒன்றே. சங்கக் கூட்டங்களில் இக்கோரிக்கைகளை எழுப்புங்கள்!