மூட்டைக் கணக்கா, சத்துக் கணக்கா?

உரக் கடையில் உழவர்கள் பலரும் விலையைக் கேட்கிறார்கள். மூட்டை மேல் அச்சிட்ட எண்களைப் பார்ப்பதில்லை. பணமும் பயிரும் அங்கேதான் நஷ்டமாகின்றன.

யூரியா ஒரு கூட்டுப்பொருள். அதன் மூலக்கூறு ஒன்றில் கார்பன் 1, ஆக்ஸிஜன் 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4 அணுக்கள் உள்ளன. இவற்றின் எடை முறையே 12, 16, 28, 4, மொத்தம் 60. அறுபதில் 28 பங்கு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. மூட்டையில் காணும் 46 சதம் இதிலிருந்து வந்ததே. 45 கிலோ மூட்டையில் இருப்பது 20.7 கிலோ தழைச்சத்துதான்.

டி.ஏ.பி.யில் 18-46 என்றால் தழைச்சத்து 18 சதம், மணிச்சத்து 46 சதம். 50 கிலோ மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து உண்டு. நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து இடும்படி மண் பரிசோதனைச் சிட்டை கூறினால், அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. இட்டவருக்கு மீதி 51 கிலோதான் தேவை. அதற்கு 111 கிலோ யூரியா, அதாவது சுமார் இரண்டரை மூட்டை போதும். அந்த 9 கிலோவைக் கழிக்காதவர் 130 கிலோ இடுகிறார். மிகையான தழைச்சத்து பயிரைச் சாய்க்கும். புகையானுக்கும் இடம் கொடுக்கும்.

ஆகவே, மூட்டைக் கணக்கை விட்டு உழவர்கள் சத்துக் கணக்குக்கு மாற வேண்டும். வீட்டில் வேதியியல் படிக்கும் பிள்ளை இருந்தால், கணக்குப் போட அந்தப் பிள்ளையே போதும்.