ஒரே என்ஜின், வேறு வேறு விலை

டிராக்டர் வாங்கச் செல்லும் விவசாயி முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி.?" என்றுதான். அரசும் அதே மொழியில்தான் பேசுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, 35 எச்.பி. டிராக்டருக்கு ரூ. 41,000, 45 எச்.பி. டிராக்டருக்கு ரூ. 45,000 மிச்சமாகும் என்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் கணக்குச் சொன்னார். ஆனால், விலைப்பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரு மாடல்களின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே என்ஜின் இருக்கக்கூடும் என்பதை யாரும் சொல்வதில்லை.

இது மோசடியா? அல்ல. என்ஜினுக்குள் எவ்வளவு டீசல் செலுத்தப்படுகிறது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல விடப்படுகிறது என்பவையே அதன் திறனைத் தீர்மானிக்கின்றன. இந்தச் சூட்சுமத்தை பெங்களூரு நன்கறியும். 1951-இல் தொடங்கி, 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிய மைக்கோ நிறுவனம், ஆடுகோடி ஆலையில் டீசல் பம்புகளைத் தயாரித்து வந்தது. அந்த பம்பின் அளவைச் சற்றுக் கூட்டிவைத்தால் ஒரு மாடல். அதே என்ஜினுடன் டர்போசார்ஜரைச் சேர்த்தால் அதைவிடப் பெரிய மாடல்.

வார்ப்பு அச்சுகளுக்கும் கிராங்க் ஷாஃப்ட் கடையும் இயந்திரங்களுக்கும் கொட்டிய முதலீட்டை ஒரே மாடலில் மீட்பது கடினம். மாசுச் சான்றிதழும் என்ஜின் குடும்பத்துக்கே வழங்கப்படுவதால், உடன்பிறப்பு மாடல்களுக்குத் தனித்தனியே முழுச்சோதனை தேவைப்படுவதில்லை. விவசாயிக்கும் இதில் லாபம் உண்டு: பிஸ்டனும் ஃபில்டரும் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும்.

அப்படியானால் கூடுதல் விலை எதற்கு? கிளட்ச், கியர்பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக், டயர் ஆகியவை அந்தக் கூடுதல் திறனைத் தாங்கும்படி அமைந்திருந்தால் விலை நியாயமே. சிறிய மாடலை வாங்கி, பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டுவோர் இதை மறந்துவிடுகின்றனர். கரும்புகை, கொதிக்கும் ரேடியேட்டர், தேய்ந்த கிளட்ச், போதாக்குறைக்கு வாரண்டி ரத்து. பம்பும் ஸ்டிக்கரும் மட்டும் மாறி விலை ஏறும் மாடல்களில்தான் கேள்வி எழ வேண்டும்.

சட்டமும் இந்த எண் விளையாட்டுக்கு வழிவகுக்கிறது. 2020 அக்டோபரில் வரவேண்டிய 'டிரெம் 4' மாசு விதிகள், பலமுறை தள்ளிப்போடப்பட்டு 2023 ஜனவரியில் வந்தன. அதுவும் ஏறத்தாழ 50 எச்.பி.க்கு மேற்பட்டவற்றுக்கு மட்டுமே. கோட்டுக்கு மேலே போனால் மின்னணு டீசல் செலுத்தமைப்பு போன்ற செலவுகள். எனவே, 50-ஐ எட்டக்கூடிய என்ஜினை 49-இல் கட்டிவைப்பது தயாரிப்பாளருக்கு லாபம். விதி வகுத்தவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை என்றால் அது வியப்புக்குரியது! மின்னணு என்ஜின்களிலோ திறனைத் தீர்மானிப்பது மென்பொருள். மெக்கானிக்கால்கூட அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மானியமும் எச்.பி. வரம்புகளின்படியே தரப்படுகிறது. அங்கே கணக்கில் கொள்ளப்படுவது பி.டி.ஓ. திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றுவது அதுதான். விளம்பரப் பலகையில் பெரிதாக எழுதப்படும் என்ஜின் திறனைவிட அது குறைவு. பெங்களூரு ஜி.கே.வி.கே. வளாகத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் கிருஷி மேளாவுக்கு வரும் ராகி விவசாயிக்கு இந்த வேறுபாட்டைக் கன்னடத்தில் விளக்குவது யார் பொறுப்பு?

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் சோதனை நிலைய அறிக்கைகளில் என்ஜின் கொள்ளளவு, சுற்று வேகம், பி.டி.ஓ. திறன், டீசல் செலவு எல்லாம் பதிவாகின்றன. அந்த நான்கு எண்களையும், உடன்பிறப்பு மாடலிலிருந்து எந்தெந்தப் பாகங்கள் மாறுகின்றன என்பதையும் மாநில மொழியில் விலைப்பட்டியலில் அச்சிட வேண்டும். இதற்கு நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டியதில்லை. மானியப் பட்டியலில் சேர்க்கும் நிபந்தனைகளில் இதையும் ஒன்றாக்கினால் போதும்.